மீண்டும் அதே பஞ்சமம்

ஒரு லூப் எங்கே முடிந்து எங்கே தொடங்குகிறது என்பதைக் காது ஒருமுறை கண்டுகொண்டுவிட்டால், அப்புறம் அந்த இடத்துக்காகக் காத்திருப்பதே அதற்கு வேலையாகிவிடுகிறது. சில காலமாகக் கச்சேரிகளில் எனக்கு இப்படித்தான் ஆகிறது. மேடையில் தோடி விரிந்துகொண்டிருக்கும். என் காது பாடகரைத் தாண்டிப் போய், பின்னால் சிறிய ஸ்பீக்கரிலிருந்து வரும் தம்புராவில் நின்றுகொண்டிருக்கும். பஞ்சமம், சாரணி, அனுசாரணி, மந்தரம். மந்தரத்தின் கார்வை பாதி தேய்ந்த இடத்தில் மெல்லிய உரசல் ஒன்று; பதிவு செய்த அன்று தந்தியில் நகம் பட்டிருக்கலாம், யாராவது நாற்காலியை நகர்த்தியிருக்கலாம். அடுத்த சுற்றிலும் அதே இடத்தில் அதே உரசல். அதற்கடுத்த சுற்றிலும். பாடகர் காந்தாரத்தைப் பிடித்து அசைத்து அரங்கத்தையே ‘ஆஹா’ சொல்ல வைக்கிறார். நான் அடுத்த உரசலுக்காகக் காத்திருக்கிறேன். சுருதியில் குறையில்லை. சொல்லப்போனால் நிஜத் தம்புராவைவிடச் சுத்தமாக நிற்கிறது. குறையே இல்லாத ஒன்று எதற்காக இப்படி நெருடுகிறது என்பதுதான் பிடிபடாமல் படுத்துகிறது.

நிரல் எழுதிப் பிழைப்பவன் என்பதால் அந்த ஸ்பீக்கருக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியும். ஒலிக்கோப்பை முதலில் முழுதாக நினைவகத்தில் ஏற்றிக்கொள்ள வேண்டும். வேண்டும்போது போய் எடுத்துக்கொள்ளலாம் என்றால் தாமதம் வரும். தம்புராவில் தாமதம் கூடாது. ஏற்றும்போதே சுருக்கம் பிரிந்து ஒலி வெறும் எண்களாகிவிடும். வினாடிக்கு 44,100 எண்கள், இடது காதுக்கு ஒரு வரிசை, வலது காதுக்கு ஒரு வரிசை. நான்கு தந்திகளையும் நிதானமாக ஒரு சுற்று மீட்ட ஐந்து வினாடி என்று வைத்துக்கொண்டால், எண்ணுக்கு இரண்டு பைட் வீதம் மொத்தம் 8,82,000 பைட். கைபேசியில் எடுக்கும் ஒரு புகைப்படம் இதைவிடப் பெரியது. மூன்று மணிநேரக் கச்சேரிக்கும் இது போதும், முப்பது வருஷச் சாதகத்துக்கும் இது போதும். ‘லூப்’ என்ற இடத்தில் ‘ஆம்’ என்று எழுதினால் ஆயிற்று. பைத்தானில் விளையாட்டு எழுதுகிறவர்கள் பயன்படுத்தும் பைகேமில் இன்னும் விநோதம். அங்கே ஓர் ஒலி முடிந்தபின் இன்னும் எத்தனை தடவை திரும்ப வர வேண்டும் என்பதை எண்ணால் சொல்ல வேண்டும். பூஜ்யம் என்றால் ஒருமுறை ஒலிக்கும். ஐந்து என்றால் ஆறுமுறை. முடிவே இல்லாமல் ஒலிக்க வேண்டுமென்றால் கழித்தல் ஒன்று. முடிவின்மையை இவ்வளவு சல்லிசாக எழுதிவிடலாம் என்று எந்த வேதாந்தியும் யோசித்திருக்க மாட்டார். உலாவிகளில் இயங்கும் வெப் ஆடியோவில் வேறொரு ஏற்பாடு: எண்கள் அடங்கிய பெட்டகம் நினைவகத்தில் அப்படியே கிடக்கும், அதை ஒலிக்கவைக்கும் மூலத்தை மட்டும் ஒவ்வொரு தடவையும் புதிதாகப் படைக்க வேண்டும். ஒருமுறை தொடங்கிய மூலத்தை மறுபடி தொடங்கச் சொன்னால் பிழை என்று மறுத்துவிடும். அழியாமல் கிடப்பது ஒன்று, ஒரே பிறவியோடு போவது ஒன்று. வடிவமைத்தவர்கள் வேகத்தை மட்டுமே மனதில் வைத்துச் செய்திருப்பார்கள். எனக்குப் படித்தபோது வேறு ஞாபகங்கள் வந்தன.

லூப்பில் கஷ்டமெல்லாம் ஒட்டும் இடத்தில்தான். அலை மேலும் கீழும் போய்க்கொண்டிருப்பது. வெட்டும் இடத்தில் அது மேலே இருந்து, தொடங்கும் இடத்தில் கீழே இருந்தால் ஸ்பீக்கரின் கூம்பு ஒரே தாவாகத் தாவும். ‘டிக்’ என்று கேட்கும். அலை பூஜ்யத்தைக் கடக்கும் புள்ளியாகப் பார்த்து வெட்டினால் பெரும்பாலும் சரியாகிவிடும். எம்பி3 வேறு மாதிரியாகப் படுத்தும். அது ஒலியை 1152 சாம்பிள்கள் கொண்ட துண்டுகளாக்கித்தான் சுருக்கும். கடைசித் துண்டு நிறையவில்லை என்றால் மௌனத்தை இட்டு நிரப்பும், தொடக்கத்திலும் கொஞ்சம் மௌனத்தைச் சேர்க்கும். ஒரு துண்டு என்பது சுமார் 26 மில்லிவினாடி. பாட்டு கேட்பவருக்கு அது ஒன்றுமே இல்லை, சுற்றிச் சுற்றி வரும் தம்புராவிலோ ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு விக்கல். வேவ் கோப்பாகவோ ஆக் வோர்பிஸாகவோ வைத்துக்கொண்டால் அதுவும் தீரும். இதெல்லாம் தீர்ந்த பிறகுதான் தம்புராவுக்கே உரிய சிக்கல் தெரியவரும். மந்தரத் தந்தி அடங்க வெகுநேரமாகும். அது இன்னும் பேசிக்கொண்டிருக்கும்போதே கோப்பு தீர்ந்துபோய் பஞ்சமம் தொடங்கிவிடும். பழைய கார்வை பட்டென்று அறுந்து, புதிய பஞ்சமம் சுத்த மௌனத்திலிருந்து பிறக்கும். நிஜத்தில் கச்சேரியின் முதல் மீட்டைத் தவிர எந்தப் பஞ்சமமும் மௌனத்திலிருந்து பிறப்பதில்லை. இதற்கு வழி, நாலைந்து சுற்று மீட்டிப் பதிவு செய்துகொண்டு, முதல் சுற்றை எறிந்துவிட்டு, இரண்டாவதையோ மூன்றாவதையோ வெட்டி எடுப்பது. அதன் தொடக்கத்திலேயே முந்தைய மந்தரத்தின் மிச்சம் கலந்திருக்கும். கடைசியில் அறுபடும் கார்வை, முதலில் காத்திருக்கும் கார்வையோடு போய்ச் சேர்ந்துகொள்ளும். நல்ல லூப்புக்குத் தொடக்கம் என்று ஒன்று இருக்கக் கூடாது. ஏற்கெனவே நடந்துகொண்டிருந்ததிலிருந்து அதை எடுக்க வேண்டும். இந்த உத்தி கைவந்த அன்று அடைந்த மகிழ்ச்சியை மறைக்க விரும்பவில்லை. ஒட்டு காணாமல் போயிற்று. ஐந்து வினாடிக்கொருமுறை உலகம் அதே இடத்துக்கு வந்து நிற்பது மட்டும் போகவில்லை.

இந்த லூப்பை எழுதித் தரச் சொன்னவர் எங்கள் பகுதியில் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லித்தரும் ஓர் அம்மாள். கைபேசியில் ஓடவிட்டேன். கண்ணை மூடிக்கொண்டு ‘ஸா’ பிடித்துப் பார்த்தார். “நல்லா இருக்கு தம்பி. கட்டையை மாத்திக்கிற மாதிரி மட்டும் வச்சுக் குடுத்துடுங்க” என்றார். ஒரே மாதிரி திரும்பத் திரும்ப வருவது உறுத்தவில்லையா டீச்சர் என்று கேட்டேன். “தம்புராவை உறையிலிருந்து எடுத்து நாலு தந்தியையும் சேர்த்து முடிக்கிறதுக்குள்ள பாதிக் கிளாஸ் போயிடும். பசங்க அடுத்து மேத்ஸ் டியூஷனுக்கு ஓடணும். எனக்கு இது போதும்.” மறுக்க ஒன்றும் இல்லை. அவருடைய தம்புரா பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் பழைய போர்வை உறையோடு சாய்ந்திருந்தது. அதை அங்கே கொண்டுபோய்ச் சாய்த்தது கணினி என்று சொல்வதும் நியாயமாகாது. துருத்தி வைத்த சுருதிப் பெட்டி அதற்கு வெகு முன்பே வந்துவிட்டது. நாகஸ்வரத்துக்கு ஒத்து ஊதியவர்கள் வேலையிழந்தது அந்தப் பெட்டியால்தான், அதைப் பற்றி யாரும் பெரிதாக வருத்தப்பட்டதாகவும் தெரியவில்லை. 1970களின் இறுதியில் பெங்களூரில் ஜி. ராஜ் நாராயண் என்ற பொறியாளர், தாமே புல்லாங்குழல் வாசிப்பவர், மின்னணுச் சுருதிப் பெட்டியைக் கொண்டுவந்தார். அந்தக் காலத்துப் பெட்டிகளில் பதிவு எதுவும் கிடையாது. மின்சுற்று தானாக ஓர் ஒலியை உண்டாக்கும். மூக்கடைத்த குரல். யாரும் அதைத் தம்புரா என்று ஏமாறவில்லை, அதுவும் ஏமாற்ற முயலவில்லை. பிறகு சிப்புகள் மலிந்தன, நிஜத் தம்புராவைப் பதிவு செய்து உள்ளே ஏற்றினார்கள். பெட்டி பெட்டியாக ஒலித்தவரை எனக்கு அதனோடு வழக்கில்லை.

லூப் காதை என்ன செய்கிறது என்பதற்கு ஒரு துப்பு வேறோர் இடத்தில் கிடைத்தது. 1995இல் டயானா டாய்ச் என்ற உளவியலாளர், கலிபோர்னியாவில், தம்முடைய குறுந்தட்டு ஒன்றுக்காகப் பேசிய விளக்கவுரையைத் திருத்திக்கொண்டிருந்தார். ஒரு வாக்கியத்தின் சில சொற்களை மட்டும் லூப்பில் போட்டவர் அதை ஓடவிட்டபடியே வேறு வேலையில் இறங்கிவிட்டார். கொஞ்ச நேரத்தில் அறையில் யாரோ பாடுவதாகக் கேட்டது. பாடியது அவருடைய பேச்சேதான். கோப்பில் ஒரு சாம்பிள்கூட மாறவில்லை. மாறியது கேட்டவரின் காது. 2011இல் இது ஆய்வாக வெளிவந்தபோது இன்னொன்றும் தெரிந்தது. திரும்பி வருவது அச்சாக அதுவாகவே இருக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் சுருதியைச் சற்று ஏற்றி இறக்கினாலோ, அசைகளை இடம் மாற்றினாலோ, பேச்சு பேச்சாகவே நின்றுவிடுகிறது. டாய்ச்சின் அறையில் அந்தக் குரல் கேட்டதற்கு ஏறக்குறைய அரை நூற்றாண்டுக்கு முன், 1948இல், பாரிஸ் வானொலியில் பியர் ஷேஃபர் இசைத்தட்டின் பள்ளத்தைத் தன்னோடு தானே மூடிக்கொள்ளும்படி செய்து ஊசியை ஒரே வட்டத்தில் சுற்றவிட்டார். நிமிடத்துக்கு 78 முறை சுழலும் தட்டில் அந்த வட்டம் முக்கால் வினாடிதான். அப்படிச் சுற்றும் ஒலி எதிலிருந்து வந்ததோ அதிலிருந்து கழன்று, தனிப்பொருளாகிவிடுகிறது என்பதை அவர் கவனித்தார். இரண்டையும் சேர்த்து யோசிக்கும்போது என் நெருடலின் ஒரு பக்கம் விளங்குகிறது. அச்சாகத் திரும்பும் ஒலி முன்னுக்கு வந்துவிடுகிறது. தம்புராவின் இடமோ பின்னால். அது காதில் விழ வேண்டும், கவனத்தில் விழக் கூடாது. நிஜத் தம்புராவில் ஒவ்வொரு மீட்டும் இம்மி இம்மி வேறாக இருப்பதால் காதுக்குப் பற்றிக்கொள்ள எதுவும் அகப்படுவதில்லை. அது கைவிட்டுவிட்டு ராகத்துக்குப் போகிறது. லூப்பில் ஏதாவது ஒன்று அகப்பட்டுவிடுகிறது. இப்படிச் சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்த்தால் பக்கத்து இருக்கைக்காரர் நிம்மதியாகத் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருக்கிறார். அவருக்கு எந்த உரசலும் கேட்கவில்லை. இது தொழிலால் வந்த வியாதியாகவும் இருக்கலாம். சமையற்காரனுக்குக் கல்யாணச் சாப்பாடு ருசிப்பதில்லை.

அப்படியென்றால் லூப்பைக் கொஞ்சம் கலைத்துவிட்டால் என்ன? கணினி விளையாட்டுகளுக்கு ஒலி அமைப்பவர்களுக்கு இது பழைய பிரச்சினை. ஒரே காலடிப் பதிவைத் திரும்பத் திரும்ப ஒலித்தால் நடப்பவன் மனிதனாகவே தோன்றமாட்டான். ஆகவே நாலைந்து காலடிகளைப் பதிவு செய்து மாற்றி மாற்றி, சத்தத்தையும் சுருதியையும் துளித்துளி கூட்டிக் குறைத்து ஒலிக்கவிடுவார்கள். பிரையன் ஈனோ 1978இல் விமான நிலையங்களுக்காகச் செய்த இசையில் வெவ்வேறு நீளமுள்ள நாடா வளையங்களை ஒன்றாக ஓடவிட்டார். நீளங்கள் ஒத்துப்போகாததால் ஒரே கூட்டு மறுபடி அமைவதில்லை. இரண்டு வழிகளையும் தம்புராவுக்குச் செய்து பார்த்தேன். நான்கு தந்திக்கும் தனித்தனிப் பதிவுகள், ஒவ்வொன்றிலும் பல. எது வரும் என்பதைத் தற்செயல் எண் முடிவு செய்யும். மீட்டுக்கும் மீட்டுக்கும் நடுவே சில மில்லிவினாடித் தள்ளாட்டம். உரசலைத் தேடிய காது ஏமாந்தது. ஆனால் நெருடல் போகவில்லை, இடம் மாறி உட்கார்ந்துகொண்டது. விரல் தளர்கிறது என்றால் ஒரு காரணம் இருக்கும்: தூக்கம், வலி, பாட்டில் லயித்துப்போனது. தற்செயல் எண்ணுக்குத் தூக்கம் வருவதில்லை. தூக்கம் வருவதாக நடிக்க நான் அதற்கு வரம்பு வகுத்துக் கொடுத்திருக்கிறேன், கூட்டல் கழித்தல் இத்தனை என்று. யாரும் இல்லாத இடத்தில் யாரோ இருப்பதாகப் பாவனை செய்யும் அந்த வடிவத்தைவிட, மூக்கடைத்த பழைய பெட்டி யோக்கியமானதாகத் தோன்றியது. டீச்சருக்கு அதைக் கொடுக்கவில்லை. ஐந்து வினாடி லூப்பேதான் அங்கே ஓடுகிறது.

தம்புரா மீட்டுபவர் என்னதான் செய்கிறார்? பார்ப்பதற்கு ஒன்றும் செய்வதில்லை. நடுவிரல் பஞ்சமத்தை இழுக்கிறது, ஆட்காட்டி விரல் மற்ற மூன்றையும். தாளத்தோடு சேர்ந்துவிடக் கூடாது என்பது முதல் பாடம். மிருதங்கம் எப்படிக் கூப்பிட்டாலும் விரல் போகக் கூடாது, சொல்ல எளிது, செய்வது கடினம். குதிரையின் மேல் தந்திக்கடியில் ஜீவா என்னும் நூல்; அதை மயிரிழை நகர்த்தினால் அதுவரை மூடிக்கிடந்த நாதம் திறந்துகொள்ளும். தந்தியை எந்தப் புள்ளியில் இழுக்கிறோமோ அங்கே அசைவற்றிருக்கும் மேற்சுரங்கள் ஒலிக்கக் கூடாது என்பது ஐரோப்பிய இயற்பியலின் பழைய விதி. தம்புராவிலும் வீணையிலும் அவை ஒலிக்கின்றன, காரணம் அந்த வளைந்த குதிரை என்று சி. வி. ராமன் 1921இல் எழுதினார். நன்றாகச் சேர்ந்த தம்புராவில் யாரும் மீட்டாத அந்தர காந்தாரம் மந்தரத்திலிருந்து தானாக எழும். என் பதிவிலும் அது இருக்கிறது, ஒவ்வொரு சுற்றிலும் அதே கணத்தில் எழுகிறது. மேடை விளக்கின் சூடும் அரங்கத்தின் ஏசியும் தந்தியைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தும். மீட்டுபவர் அதைப் பாடகர் முகம் சுளிப்பதற்கு முன்பே கேட்டு, குதிரைக்குக் கீழே இருக்கும் மணியை இம்மியளவு தள்ளுவார். அந்த மேடையில் பாடாமல், வாசிக்காமல், கச்சேரி முழுக்கக் கேட்டுக்கொண்டே இருக்கும் ஒரே ஆள் அவர். ஒலி அவர் கேட்பதிலிருந்து வருகிறது. நாங்கள் ஒலியைப் பதிவு செய்தோம். கேட்பதைப் பதிவு செய்ய வழியில்லை. மைக் ஒன்றை வைத்துப் பாடகரின் சுருதியை அளந்து அதற்கேற்ப நகரும் நிரலை எழுதலாம்தான். அளவெடுக்கிறவர் எல்லாம் ரசிகராகிவிட மாட்டார்.

இது சங்கீதத்துக்கு மட்டும் நேர்ந்ததல்ல. எங்கள் தெருவுக்கு வரும் காய்கறி வண்டியில் இப்போது கூவுவது ஒலிபெருக்கி. ஒருமுறை பேசிப் பதிந்துகொண்ட விலைப்பட்டியல் சுற்றிச் சுற்றி வருகிறது. வண்டிக்காரர் பக்கத்தில் நின்று கைபேசியைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். தொண்டை பிழைத்தது, அது பெரிய விஷயம். முன்பு அவரே கூவியபோது திருப்பத்தில் ஒரு குரல், வாங்கும் வீட்டு வாசலில் ஒரு குரல், குழந்தை தூங்கும் வீடு என்று தெரிந்தால் அங்கே ஒரு குரல் இருந்தது. இப்போதோ, ஒருநாள் பிண ஊர்வலம் எதிரே வந்தபோதும் தக்காளி விலை அதே உற்சாகத்தோடு ஒலித்தது. அவர் பதறி ஓடிப்போய்ப் பொத்தானைத் தேடினார். ஒலியைத் தொடங்க ஆள் வேண்டுமா என்ற கேள்வி கணினியிலும் எழுந்தது. 2018இல் குரோம் உலாவி ஒரு விதியைக் கொண்டுவந்தது: பக்கத்தைத் திறந்தவர் எதையாவது தொட்டாலொழிய ஒலி தானாகத் தொடங்கக் கூடாது. பல இணைய விளையாட்டுகள் ஊமையாகிப்போய், எழுதியவர்கள் கூச்சல் போட்டதால், குரோம்காரர்கள் சில மாதம் அதைத் தள்ளிவைத்துப் பிறகு மறுபடி அமல்படுத்தினார்கள். நானும் அப்போது திட்டினேன். இன்று அந்த விதியில் ஒரு மரியாதை தெரிகிறது. தொடங்குவதற்கு ஒரு மனிதக் கை வேண்டும் என்று அது கேட்கிறது. தொடங்கியபின் அந்த மனிதர் எழுந்து போய்விட்டாரா என்று எந்த லூப்பும் விசாரிப்பதில்லை.

தம்புராவுக்குப் பின்னால் உட்கார்ந்தவர்களை நாம் என்றைக்குமே சரியாக நடத்தியதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். மணிக்கணக்காகச் சம்மணம், மரத்துப்போகும் கால், சிவந்துபோகும் விரல். ஊதியம் சொற்பம், சீடராக இருந்தால் அதுவும் இல்லை, குருவுக்குச் செய்யும் கடமை என்பார்கள். கைதட்டும்போது அவர் பக்கம் திரும்புகிறவர் யாருமில்லை. பெட்டி வந்து அவர்களை விடுவித்தது என்று ஒருவர் வாதாடினால் என்னிடம் எதிர்வாதம் பாதிதான் இருக்கிறது. அந்தப் பாதி இது: குரு மூச்சை எங்கே எடுக்கிறார், எந்தச் சங்கதியில் தயங்குகிறார், எதைப் பாட நினைத்து விட்டுவிடுகிறார் என்பதெல்லாம் தெரியும் தூரத்தில் உட்கார ஒரு பிள்ளைக்கு இருந்த இடம் அதுதான். பெட்டி பிள்ளையின் வேலையோடு சேர்த்து அந்த இடத்தையும் எடுத்துக்கொண்டது. காலி இடத்தில் இப்போது தண்ணீர் பாட்டில் இருக்கிறது.

சாதகத்துக்கும் வகுப்புக்கும் லூப் போதும், டீச்சர் சொன்னது சரி. மேடைக்குப் போதாது. மார்கழியில் சபா நடத்துகிறவர்கள் கச்சேரிக்கு ஒரு தம்புராவும் அதை மீட்ட ஓர் ஆளும் ஏற்பாடு செய்யட்டும். அவர் பெயரை வயலினுக்கும் மிருதங்கத்துக்கும் அடுத்து அழைப்பிதழில் அச்சிடட்டும். கச்சேரி முடிந்ததும் மற்றவர்களுக்குக் கொடுப்பதைப்போல அவர் கையிலும் ஒரு கவரைக் கொடுக்கட்டும்.